652 சேவ், 310 சேவ்: ரிவேராவையும் காசேஜையும் எப்படி ஒப்பிடுவது?

[திரையில்: 652 | 310]

பேஸ்பாலில் மரியானோ ரிவேரா எடுத்த சேவ் 652. கூஸ் காசேஜ் எடுத்தது 310. இருவருமே நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆட்டத்தை முடித்துக் கொடுத்த ரிலீஃப் பிட்சர்கள். இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ரிவேரா இரண்டு மடங்கு பெரியவர் என்று சொன்னால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, சேவ் என்றால் என்ன? பேஸ்பால் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் ஒரு முறை பேட் செய்யும், மூன்று அவுட் ஆனால் அந்த முறை முடிந்தது. வீசத் தொடங்கியவர் களைத்ததும் ரிலீஃப் பிட்சர் வருவார். சிறிய முன்னிலையைக் கையில் வாங்கி, அதைப் பறிகொடுக்காமல் ஆட்டத்தை முடித்தால் ஒரு சேவ். கிரிக்கெட்டில் கடைசி ஓவரை நம்பிக் கொடுக்கிற பந்துவீச்சாளரின் வேலை மாதிரி. 1969-இல் இது அதிகாரப்பூர்வக் கணக்கானது. ஆனால் ஒரு இன்னிங்ஸ் வீசினாலும் ஒரு சேவ்தான், மூன்று வீசினாலும் ஒரு சேவ்தான்.

[திரையில்: ஃபென்வே பார்க், 1978]

காசேஜ் ஆடியது 1972 முதல் 1994 வரை. அவரை ஏழாவது இன்னிங்ஸிலேயே கூப்பிட்டுவிடுவார்கள். 1978-இல் 63 ஆட்டங்களில் 134 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். அந்த ஆண்டு அக்டோபர் 2, பாஸ்டனில் ரெட் சாக்ஸுடன் யாங்கீஸுக்கு ஒரே ஆட்டம். தோற்றவருக்கு சீசன் முடிந்தது. ஏழாவதில் வந்த காசேஜ் எட்டாவதில் இரண்டு ரன் கொடுத்துவிட்டார். யாங்கீஸ் 5-4 என முன்னிலை. ஒன்பதாவதில் இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் ஓர் ஆள், அவர் ஓடி வந்தால் சமநிலை. எதிரே கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. வேகப்பந்து. மேலே எழும்பிய பந்தை கிரெய்க் நெட்டில்ஸ் பிடித்தார். அத்தனை பாடுபட்டதற்கும் ஒரு சேவ்.

அப்புறம் காலம் மாறியது. 1988-இல் ஓக்லாந்து பயிற்சியாளர் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். 73 இன்னிங்ஸுக்குள் 45 சேவ்! மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்தன.

ரிவேரா வந்தது இந்தக் காலத்தில். பனாமாவின் மீனவ ஊரான புவேர்ட்டோ கைமிட்டோவில் வளர்ந்தவர், 1995 முதல் 2013 வரை யாங்கீஸ் மட்டுமே. கையில் ஒரே ஆயுதம், கட்டர். கடைசி நொடியில் பக்கவாட்டில் நழுவும் பந்து. அதுதான் வரப்போகிறது என்று பேட்டருக்குத் தெரியும். தெரிந்தும் மட்டை உடையும். 2004-இல் 53 சேவ், ஆனால் 79 இன்னிங்ஸ்கூட இல்லை.

அப்படியானால் ரிவேரா செய்தது எளிதான வேலையா? இல்லவே இல்லை. இந்த இரண்டு கணக்கைப் பாருங்கள்.

[திரையில்: 141]

1975-இல், சிகாகோ ஒயிட் சாக்ஸில், காசேஜ் ஒரே சீசனில் வீசியது 141 இன்னிங்ஸுக்குச் சற்று மேல். ஒன்பது இன்னிங்ஸுக்கு, தன் பொறுப்பில் கொடுத்த ரன்களின் சராசரி 1.84; இது குறையக் குறைய நல்லது. ரிவேரா தன் வாழ்நாளில், சீசன் முடிந்தபின் அக்டோபரில் நடக்கும் பிளேஆஃபில் வீசியதும் 141 இன்னிங்ஸ். சராசரி 0.70. அங்கே ஆடுவதெல்லாம் நல்ல அணிகள். முதல் கணக்கு உழைப்பு, இரண்டாவது துல்லியம். ஒரு ஆட்டத்தை ஒப்படைக்கச் சொன்னால் நான் ரிவேராவிடம் தருவேன். ஒரு சீசன் முழுவதையும் என்றால் காசேஜிடம்தான்.

அக்டோபரில் ரிவேராவும் பழைய பாணியில் வீசியிருக்கிறார். 2003, மறுபடி ரெட் சாக்ஸ், பிளேஆஃப் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், 5-5 சமநிலை. ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்றதும் எல்லோரும் பூனிடம் ஓட, ரிவேரா பிட்சர் மேட்டுக்கு ஓடி அதன் மேலேயே விழுந்தார்.

சமநிலையில் உள்ளே வந்ததால், அந்த இரவுக்கு அவர் கணக்கில் சேவ் கிடையாது.