குழலிலிருந்து தொடங்கும் வரிசை

அவையோருக்கு வணக்கம்.

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் வட்டாரத்தில், ஜெர்மன் மொழி பேசும் குடியேறிகள் நீள்துப்பாக்கி ஒன்றை உருவாக்கினார்கள். குழலின் முன்வாய்வழியே வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டு நிரப்பும் அந்தத் துப்பாக்கியை எந்த வரிசையில் செய்தார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். மைன்ஸ் நகரில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்துடன் கடல் கடந்து வந்து, லங்காஸ்டரில் பெயர்பெற்ற ஜேக்கப் டிக்கர்ட் இந்த மரபின் முதன்மையான கைவினைஞர்களுள் ஒருவர்.

பட்டறைப் பழக்கத்தால் மட்டும் இந்த வரிசை அமைந்ததென்று நான் கருதவில்லை. மாற்ற முடியாத உறுப்பை முதலில் நிலைநிறுத்தி, மாற்றக்கூடியவற்றை அதற்கு இணங்க வைப்பதே இதன் அடிப்படை. ஆகையால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குரிய இடத்தைத் தானே குறித்துவிடுகிறது.

குழல்தான் தொடக்கம். இரும்புப் பட்டையைக் காய்ச்சி, உருளைக் கம்பியைச் சுற்றி வளைத்து, விளிம்புகளை அடித்து ஒட்டவைத்து, உள்ளே குடைந்து, வெளியே எட்டுப் பட்டைகளாக அராவி, இறுதியில் உட்சுவரில் சுருள்பள்ளங்களை வெட்டினார்கள். நாற்பது அங்குலத்துக்கு மேல் நீளும் குழலுக்கு இது நெடுநாள் உழைப்பு. 1960களின் இறுதியில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் துப்பாக்கிக் கைவினைஞர் வாலஸ் கஸ்லர் பழைய கருவிகளைக் கொண்டே இவற்றையெல்லாம் செய்துகாட்டியது படமாக்கப்பட்டது. வழக்கற்றுப்போயிருந்த இக்கலை மீண்டும் உயிர்பெற அது பெருந்துணை புரிந்தது என்பது என் உறுதியான கருத்து.

குழலின் பின்வாயை மரையாணி அடைக்கிறது. அந்த ஆணியின் முகம் குழலுக்குள் எங்கே முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்வரும் அளவுகள் பலவும் அங்கிருந்தே பிறக்கின்றன.

அடுத்து மேப்பிள் மரக்கட்டையில் பள்ளம் பறித்துக் குழலைப் பதிக்கிறார்கள். இரும்பின்மீது விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தினால், எங்கே முட்டுகிறதோ அங்கே கரி ஒட்டும். அந்த இடத்தை மட்டும் உளியால் சீவ வேண்டும். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. பிறகு, மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் கோலுக்காகக் குழலின் அடியில் நீண்ட துளை இடப்படுகிறது. குழலுக்கும் அத்துளைக்கும் நடுவே ஏறத்தாழ 1/8 அங்குல மரமே எஞ்சும்; பொறியை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் இயங்கமைப்பை, பிணைக்கும் முன்னாணி அந்த இடைவெளி வழியாகத்தான் செல்ல வேண்டும். துளை சற்றே விலகினாலும் ஆணிக்கு வழி இராது.

பொறியைப் பதிப்பதே வேலை முழுவதிலும் மிக நுட்பமான கட்டம். சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தெறிக்கும் தீப்பொறி, பொறியிலுள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்க, அந்தத் தீ பற்றுவாய் என்னும் சிறு துளை வழியே குழலுக்குள் பாய்கிறது. பற்றுவாய் மரையாணி முகத்துக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். கிண்ணத்தின் நடு அதற்கு நேராக நிற்க வேண்டும். பொறியைப் பின்னே தள்ளிப் பதித்துவிட்டால் பற்றுவாய் ஆணியின்மீதே விழும். பறித்த மரத்தை எவராலும் திரும்ப வைக்க இயலாது. ஆகவேதான் முதலில் ஆணியின் முகமும், பிறகு பற்றுவாயின் இடமும், அதன் பின்னரே பொறியும் முடிவாகின்றன.

பொறியின் இடம் முடிவானால், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையின் இடமும் முடிவாகிறது. ஏனெனில் பொறிக்குள்ளிருந்து நீளும் சிறு நெம்பை விசை சரியான புள்ளியில் தொட்டால்தான் இழுவை இலகுவாக இருக்கும். குழலின் பின்முனையில் நீளும் வாலிலிருந்து கீழிறங்கும் திருகாணி விசைத்தகட்டைப் பற்றிக்கொள்வதால் அந்தத் துளையும் இதன் பிறகே இடப்படும். சுடுபவரின் கைநீளத்துக்கேற்ப விசையிலிருந்து 13 அல்லது 14 அங்குலம் பின்னால் அளந்து, தோளில் பதியும் பித்தளைத் தகட்டைப் பொருத்துகிறார்கள்.

இவையெல்லாம் நிலைபெற்ற பிறகே கட்டையை மெலிதாக்கி வடிவம் கொடுக்கிறார்கள். செதுக்கு வேலைப்பாட்டைத்தான் காண்போர் முதலில் பாராட்டுகிறார்கள். மரவேலையில் அது ஏறக்குறைய கடைசி. இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசிச் சூடு காட்டினால் மேப்பிள் செம்பழுப்பாகும். அமிலத்தின் மிச்சம் உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், ஆளிவிதை எண்ணெய் பூசிக் கட்டையை நன்றாக உலர்த்திய பின்பே குழலையும் பொறியையும் மீண்டும் பூட்டுகிறார்கள்.