பூவாளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த ஆண்டு மொட்டை மாடியில் காய்கறி போட்டே தீருவது என்று வந்திருக்கிறீர்கள். எந்த விதை, எந்தப் பை என்பதற்கெல்லாம் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களின் மாடியில், தண்ணீர் பற்றாமல் சாகிற செடியைவிடத் தண்ணீர் மிகுந்து சாகிற செடிதான் அதிகம். ஆகவே இன்று வேரைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் இடம். காய்க்கிற செடி எதுவானாலும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மூன்று, நான்கு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் கீரை, புதினா, கொத்தமல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது பாரம். 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் உள்ள பையில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தொடும். தென்னை நார்க்கழிவு கலந்தால் ஏறக்குறைய பாதிதான். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, உத்தரம் ஓடும் இடமாகப் பார்த்து வரிசை கட்டுங்கள். அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் பையும் வடியும், தளமும் காயும்.

இனி கலவை. நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறி உதிர்ந்தால் சுமார் 70 லிட்டர் வரும். அது எட்டுப் பைக்குப் போதும். அதோடு 15 லிட்டர் வாளியில் இரண்டரை வாளி செம்மண், அதே அளவு மண்புழு உரம். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் கொட்டிவிடாதீர்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் சில நாளிலேயே இலை ஓரம் தீய்ந்தது போலக் கருகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. கழுவினால் உப்பு போகும். இன்னொரு குறை போகாது. மக்காத நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும். செலவைக் குறைக்க நினைத்து மண்புழு உரத்தைக் குறைப்பவர்களுக்கு நேர்வது இதுதான். உரத்தில் கை வைக்காதீர்கள்.

கலந்தவுடன் நடவும் கூடாது. புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், இளவேர் வெந்துபோகும். கலவையை ஈரம் தெளித்து நிழலில் பத்து நாள் வையுங்கள். சூடோமோனஸ், டிரைகோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கிடைத்தால் அப்போதே தூவிக் கிளறுங்கள். வேரழுகலைத் தடுப்பதில் இவை நன்றாக வேலை செய்கின்றன. பையை விளிம்புவரை நிரப்பாமல் மேலே இரண்டு அங்குலம் விடுங்கள்.

இப்போது தண்ணீர். நார்க்கழிவு மேலே காய்ந்து வெளுத்துக் காட்டும். நான்கு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து ஊற்றினால் ஏமாந்துபோவோம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். ஒட்டாவிட்டால் காலையில் ஊற்றுங்கள், அடித்துளையில் சொட்டத் தொடங்கும்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் ஊற்றினால் நீங்கள் போட்ட உரம்தான் கரைந்து மாடிக் குழாய்க்குப் போகும்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வேரழுகிய செடியும் வாடித்தான் நிற்கும். வேருக்குக் காற்று இல்லாமல் அழுகிவிட்டால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதனால் உறிஞ்ச முடியாது. வாடியிருக்கிறதே என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம், அதோடு கதை முடிந்தது. பகல் இரண்டு மணிக்குத் தொங்கி, ஆறு மணிக்கு நிமிர்ந்துவிடும் செடிக்கு ஒரு குறையும் இல்லை. காலை ஏழு மணிக்கே தொங்கினால்தான் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இரண்டு வேளை ஊற்ற வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் ஊற்றவே வேண்டாம்; அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், அது போதும்.

என்ன போடலாம்? முதல் பட்டத்துக்குக் கீரை கட்டாயம் வேண்டும். சிறுகீரை 25 நாளில் கைக்கு வரும், அந்த நம்பிக்கை பெரிது. கீரை விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கச் சுற்றிலும் கொஞ்சம் அரிசி நொய் போடுங்கள். வெண்டையும் கொத்தவரையும் 45, 50 நாளில் காய்க்கும். ஆனால் ஒரு வெண்டைச் செடி ஒரு பறிப்புக்கு ஒன்றிரண்டு காய்தான் தரும். ஆறு செடியாவது இருந்தால்தான் ஒரு பொரியலுக்குத் தேறும். கத்தரி மூன்று, மிளகாய் இரண்டு போதும். வெண்டை, கொத்தவரை, பாகல், பீர்க்கை எல்லாம் நேரடியாகப் பையில் ஊன்ற வேண்டியவை. தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்று வளர்க்கும் குழித்தட்டில் போட்டு, தக்காளியை 25 நாளிலும் மற்ற இரண்டை 30, 35 நாளிலும் எடுத்து மாலை வேளையில் நடுங்கள். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி போன்ற ரகங்களில் விதை எடுத்து மறுபடி போடலாம். வீரிய ஒட்டு விதையில் அப்படி எடுத்தால் தாய்ச்செடி போல வராது.

கொடிக்காய் போடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது: "பூ நிறையப் பூக்கிறது, ஒன்றுகூடக் காயாகவில்லை, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்தே வேண்டாம். பீர்க்கை, பாகல், சுரை, பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். பூவுக்கு அடியில் சின்னப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். உயரமான மாடிகளில் தேனீ வருவது குறைவு, நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். நேரம் முக்கியம்: பூசணியும் பாகலும் காலையில் மலரும், பீர்க்கையும் சுரையும் மாலையில் மலரும். பீர்க்கையைக் காலை ஒன்பது மணிக்குத் தடவிப் பயனில்லை.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் போதும். 5 மில்லி எண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலில் முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும், விழுந்த இடத்தில் இலை கருகும். கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் வாடினால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. இரண்டு அங்குலம் கீழே வெட்டிப் புழுவோடு அழித்துவிடுங்கள். வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், அதற்கு மருந்து கிடையாது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அன்றே பிடுங்குங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

காய்த்து முடிந்த பையைக் கொட்டி, வேரைப் பொறுக்கி, கலவையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கால் பங்கு மண்புழு உரம் சேர்த்து மறுபடி நிரப்புங்கள். தக்காளி நின்ற பையில் கத்தரியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய்கள். அதில் கொத்தவரையோ கீரையோ போடுங்கள். நார்க்கழிவுக் கட்டியை இந்த வாரமே ஊறவைத்துவிட்டால், ஆடி முதல் வாரம் விதை ஊன்றக் கலவை பதமாக இருக்கும்.