வாளும் துப்பாக்கியும் ஒரே கைப்பிடியில்

(நாகர்கோவிலில், கணினி விளையாட்டு வடிவமைப்பில் ஈடுபட்டுள்ள இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கற்பனை விளையாட்டுகளுக்காக வரையப்படும் கன்பிளேடுகளில், அதாவது வாளும் துப்பாக்கியும் ஒன்றாகச் சேர்ந்த ஆயுதங்களில், பல ஒரே அச்சில் இருக்கின்றன. அகலமான வாள், அதன் முதுகில் ஒரு குழல், கைப்பிடிக்கு மேல் ஒரு ரிவால்வர் உருளை. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுத்தவன் முதலில் வெட்டுவானா, சுடுவானா? படத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த ஆயுதம் விளையாட்டிலும் உயிர் பெறாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் சேர்க்கும்போது ஒன்று தலைமை ஏற்க வேண்டும், மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். வரலாற்றில் இதைச் செய்து பார்த்தவர்கள் ஏராளம். அவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்தால் நம் வேலை பாதி முடிந்துவிடும்.

துப்பாக்கி பிறந்ததே ஈட்டியோடு ஒட்டிக்கொண்டுதான். சீனாவில் சோங் வம்சத்தின் காலத்தில், 1132இல் நடந்த தேயான் நகர முற்றுகையில், மூங்கில் குழாயில் வெடிமருந்து அடைத்த நெருப்பு ஈட்டிகள் பயன்பட்டன. பின்னர் வந்த வடிவங்களில் ஈட்டிமுனைக்குக் கீழே குழாயைக் கட்டினார்கள். மருந்து எரிந்து தீர்ந்ததும் வீரனின் கையில் மிஞ்சுவது பழைய ஈட்டிதான். குழாய் உலோகமாகி, உள்ளே குண்டு வந்து, எட்டத்தில் இருப்பவனை வீழ்த்தும் வலு வந்தபோது கூர்முனை கழன்றுபோனது. அப்படித்தான் கையில் ஏந்தும் துப்பாக்கி தனி ஆயுதமாகியது.

கழன்றுபோன கூர்முனையைத் திரும்பக் கொண்டுவந்தது, துப்பாக்கியின் நுனியில் பொருத்தும் கத்தியான பயோனெட். கலப்பு ஆயுதங்களில் படைகளில் நிலைத்து நின்றது இது ஒன்றுதான். முதல் வடிவத்தில் மரக்கைப்பிடியைக் கூம்பாகச் செதுக்கி, துப்பாக்கியின் வாயிலேயே செருகினார்கள். செருகியபின் சுட முடியாது. இறுக்கிச் செருகினால் பிடுங்க வராது, தளர்வாகச் செருகினால் குத்திய இடத்திலேயே தங்கிவிடும். 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் தளபதி மெக்கேயின் அரசுப் படை ஒரு முறை சுட்டுவிட்டுக் கத்தியைச் செருகுவதற்குள், கிளர்ச்சி செய்த மலைநாட்டவர்கள் வாளோடு ஓடிவந்து படையைச் சிதறடித்தார்கள். சுடுவதிலிருந்து குத்துவதற்கு மாறும் அந்தச் சில நொடிகளில் போர் கைமாறிவிட்டது. கேம் செய்கிறவர்கள் இந்தச் சில நொடிகளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்த சாக்கெட் பயோனெட் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதன் உறுப்புகளைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். குழலின் நுனிக்கு வெளியே மாட்டுகிற, ஏறத்தாழ 4 அங்குல நீள இரும்பு உறை. அதில் மூலையில் மடங்கி மடங்கிச் செல்லும் ஒரு வெட்டுப்பள்ளம். குழலின்மேல் சிறு குமிழ் ஒன்று உண்டு. உறையை நுழைத்து, திருப்பி, மீண்டும் தள்ளினால் குமிழ் பள்ளத்தின் மூலையில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பிரிட்டிஷாரின் பிரவுன் பெஸ் துப்பாக்கியில் இந்தக் குமிழே குறிபார்க்கும் முனையாகவும் பயன்பட்டது. உறையிலிருந்து ஒரு வளைந்த கழுத்து வெளியே வந்து, 17 அங்குலக் கத்தியைக் குழலை விட்டு ஒதுக்கி, வலப்பக்கமாக நிறுத்துகிறது. அப்படி ஒதுக்கியதால்தான் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டு, இடிகம்பியால் இடிக்கும்போது கை கிழிபடாது. கத்தி முக்கோண வடிவம். வெட்டுவதற்கு அது உதவாது. குறைந்த இரும்பில் வளையாமல் குத்த அந்த வடிவமே போதும்.

இங்கே தலைமை துப்பாக்கிக்கு. வெட்டும் வேலையைக் கத்தி முழுவதுமாக விட்டுக்கொடுத்துவிட்டது. கழற்றி இடுப்பில் மாட்டவும் முடியும். அதனால்தான் பிழைத்தது. 1741இல் நம் குளச்சல் கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த காலத்தில், ஐரோப்பியக் காலாட்படைகளில் சாக்கெட் பயோனெட் வழக்கமாகிவிட்டிருந்தது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்தார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அப்படியே அங்கும் போய்ப் பாருங்கள். ஆயுதம் வரைகிறவர்களுக்குப் பழைய இரும்பை நேரில் பார்ப்பது மிகவும் அவசியம்.

இனி நேர் எதிரான ஒன்று. அமெரிக்கரான ஜார்ஜ் எல்ஜின் 1837இல் காப்புரிமை பெற்ற கத்தித் துப்பாக்கி. அமெரிக்கக் கடற்படை, வில்க்ஸ் என்ற அதிகாரியின் தலைமையில் 1838இல் தென்கடல் ஆய்வுக்குப் புறப்பட்ட பயணத்துக்காக 150 வாங்கியது. .54 காலிபர் (குழலின் உள்விட்டம் 0.54 அங்குலம்), ஒரே ஒரு குண்டு, குழலுக்கு அடியில் 11 அங்குல நீளமும் நல்ல அகலமும் கொண்ட கத்தி. விரல்களைக் காக்க விசைக்காப்பை நீட்டி, கைப்பிடியின் அடிவரை கொண்டுவந்திருந்தார்கள். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் கடற்படை மறுபடி வாங்கவில்லை.

வடிவத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். துப்பாக்கியின் பிடி வளைந்து கீழே இறங்குவது, குழலைக் கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறிபார்க்க வசதியாக. அதே பிடியால் வெட்டினால் விளிம்பு நேராக விழாது, மணிக்கட்டு சாயும். குழலும் கத்தியும் பிடிக்கு முன்னால் இருப்பதால் நீட்டிப் பிடிக்கும்போது நுனி தொங்கும், குறி கீழே போகும். தலைமை எதற்கு என்று அந்த ஆயுதம் முடிவு செய்யவே இல்லை.

இந்த இடத்தில் நம் நாட்டுக் கட்டாரியைச் சொல்லாமல் விட முடியாது. கத்தியின் இரு பக்கமும் சிறு கைத்துப்பாக்கிகளைப் பொருத்திய கட்டாரிகள் இந்தியாவில் செய்யப்பட்டன. கட்டாரியின் பிடி குறுக்குக் கம்பி. முட்டி மடக்கிப் பிடித்தால் கத்தி முன்கைக்கு நேர்கோட்டில் நிற்கும், குழல்களும் அதே கோட்டில் நிற்கும். சுட்டால் பின்னுதைப்பு நேராக முன்கைக்குள் போகும், மணிக்கட்டு மடங்காது. குறிபார்க்க வழியில்லை, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் குறி எதற்கு? குத்தும் ஆயுதத்தோடு குழலைச் சேர்ப்பதானால் இதைவிடப் பொருத்தமான பிடியை நான் பார்த்ததில்லை. கன்பிளேடு வரைகிறவர்கள் இதை எடுத்தாளாதது எனக்கு வருத்தமே.

உலோகத்தின் கதைக்கு வருவோம். வாளின் விளிம்புக்குக் கடினம் வேண்டும், உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 50க்கு மேல். குழலுக்கு வேண்டியது கெட்டித்தன்மை. உள்ளே அழுத்தம் எகிறும்போது வெடித்துச் சிதறாமல் தாங்க வேண்டும். இன்றைய குழல் எஃகு பெரும்பாலும் 25 முதல் 32 வரைதான். ஒரே இரும்பில் இரண்டையும் அடித்தால் ஏதோ ஒன்று கெடும். தனித்தனியாகச் செய்து பற்றவைத்தாலும் தொல்லை. பித்தளைப் பற்றுக்கே 900 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். கத்திக்கு வைத்த துவைச்சல் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம்) அந்தச் சூட்டில் போய்விடும் என்பதை நம் ஊர்க் கொல்லர் எவரும் சொல்வார். ஆகவே திருகாணியும், அடித்து இறுக்கும் தறையாணியும்தான் வழி. ஒவ்வொரு வெட்டின் அதிர்விலும் அவை தளரும். குழல் இம்மியளவு அசைந்தாலே குறி தப்பும்.

வெடிமருந்தின் குணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாகத் தங்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் கழுவாமல் ஓரிரவு விட்டாலே துரு ஏறத் தொடங்கிவிடும். சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடும் துப்பாக்கி பொருத்திய வாளை ஓங்கி வீசினால், பொறி விழுந்து பற்றுவதற்காகக் கிண்ணத்தில் வைத்த மருந்து கொட்டும், கல்லும் இடம் மாறும். இன்னொன்று: வெட்டு விழும் கணத்தில் முட்டி தானாக இறுகும். விசையில் விரல் இருந்தால் வேண்டாத நேரத்தில் வெடிக்கும்.

எடை விஷயம் எளிது. ஒற்றைக்கை வாள் 1 முதல் 1.3 கிலோ, சமநிலைப் புள்ளி பிடிக்காப்பிலிருந்து சுமார் 10 முதல் 15 செ.மீ. தள்ளி. பிடியருகே ஒரு கிலோ ரிவால்வரைச் சேர்த்தால் புள்ளி கையை நெருங்கிவிடும். நுனியில் கனமுள்ள வெட்டுகத்தி தேங்காயைப் பிளப்பது போல அது பிளக்காது.

விளையாட்டுகளுக்கு வருவோம். 1999இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 8இல் நாயகன் ஸ்குவாலின் கன்பிளேடு குண்டு எறிவதில்லை. அடி விழும் கணத்தில் ஆர்1 பொத்தானை அழுத்தினால் வெடிப்பின் அதிர்வு வாளில் பாய்ந்து சேதம் கூடும். இயற்பியலில் இது நிற்காது. குண்டையே சுட்டாலும் 10 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டரில் போனால், 2.5 கிலோ வாள் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் உள்ளங்கையை நோக்கித்தான் உதைக்கும். வெட்டின் திசைக்கு அது குறுக்கே. ஆனாலும் அந்த வடிவமைப்பை நான் மதிக்கிறேன். தலைமை வாளுக்கு என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது, விசைக்கு ஒரே ஒரு வேலை, அதுவும் விளையாடுபவரின் கைத்திறனில்.

மான்ஸ்டர் ஹண்டர் விளையாட்டில் வரும், ஈட்டியும் துப்பாக்கியும் சேர்ந்த கன்லான்ஸ் இன்னும் நேர்மையானது. குண்டு வெடிக்கும்போதெல்லாம் ஈட்டியின் கூர்மை குறையும். பெருந்தீ கக்கியபின் ஆயுதம் சூடாறும்வரை அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது தேயும் என்ற விலையை அது விளையாடுபவரிடம் ஒவ்வொரு முறையும் வாங்குகிறது.

நீங்கள் வரையும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் பிடி: வாள்பிடியா, துப்பாக்கிப் பிடியா, கட்டாரிப் பிடியா? மடங்கும் பிடி என்றால் மடக்க ஆகும் நேரத்தை அசைவில் காட்டுங்கள், அந்த நேரத்தில் எதிரிக்கு வாய்ப்புக் கொடுங்கள். அடுத்து விசை: வெட்டும்போது விரல் எங்கே ஓய்வெடுக்கும்? ரிவால்வர் உருளை வைத்தால், உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். இரண்டாவது கை அங்கே இருந்தால் வெந்துபோகும், அதனால் நீண்ட பிடி கொடுத்து அந்தக் கையைப் பின்னால் தள்ளுங்கள். வாய்வழி மருந்திடும் ஆயுதமானால், பழகிய காலாள் நிமிடத்துக்கு 3 முறை சுட்டான் என்பதை நினைவில் வைத்து, ஒரு குண்டுக்கு 20 நொடி கொடுங்கள். கடைசியாக உறை. குதிரையும் (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தி) உருளையும் துருத்திக்கொண்டிருக்கும் வாள் சாதாரண உறைக்குள் இறங்காது. பக்கம் திறந்த தோலுறை வேண்டும், அல்லது தோளில் சாத்திச் சுமக்க வேண்டும். உங்கள் பாத்திரம் நடக்கும் நடை, உருவும் அசைவு, உட்காரும் விதம் எல்லாமே அதைப் பொறுத்து மாறும். ஆகவே உருவத்தை வரைவதற்கு முன்பே உறையை வரைந்துவிடுங்கள்.