சுவர்ணலதா தேடிய வராந்தா

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

புதிதாகக் கட்டி முடித்த ஒரு வீடு. வடகல்கத்தாவில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து கட்டியது. அன்று புதுமனை புகுவிழா. பதினான்கு வயது மருமகள் ஒருத்தி வண்டியிலிருந்து இறங்கியதும் மாடிக்கு ஓடுகிறாள். ஓர் அறைக்குள் போகிறாள், வருகிறாள், அடுத்த அறைக்குள் போகிறாள். மறுபடி கீழே இறங்கி வந்து, மறுபடி ஏறுகிறாள். தெருவைப் பார்த்தபடி ஒரு வராந்தா இருக்கவேண்டும், அதைத் தேடுகிறாள். வீடு கட்டும்போதே கணவனிடம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான். "இருக்கிறது, இருக்கிறது" என்று அவன் சொல்லியிருந்தான். எல்லா அறைகளையும் பார்த்தாகிவிட்டது. வராந்தா இல்லை. கட்டவே இல்லை.

வங்காள எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவியின் 'சுவர்ணலதா' நாவலின் தொடக்கம் இது. பெண்களின் மூன்று தலைமுறையைச் சொல்லும் மூன்று நாவல்களில் இது நடுவில் வருவது. முதல் நாவலான 'பிரதம பிரதிச்ருதி' 1964-இல் வந்தது; அதைப் புவனா நடராஜன் 'முதல் சபதம்' என்று தமிழில் தந்திருக்கிறார். 'சுவர்ணலதா' 1967-இலும், மூன்றாவதான 'பகுல் கதா' 1974-இலும் வெளிவந்தன. பாட்டி சத்யவதி, மகள் சுவர்ணலதா, பேத்தி பகுல். முதல் நாவலுக்காக ஆஷாபூர்ணா தேவிக்கு 1976-ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இந்தக் கதையை நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து படித்துவருகிறோம். பதினொரு மாதம் ஆகிவிட்டது, இரண்டு நாவல்கள் முடிந்திருக்கின்றன. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடுகிறோம். வாரத்துக்கு நாற்பது பக்கம் போல. முக்கியமான இடங்களை ஒருவர் உரக்கப் படிப்பார். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: யாரும் முன்னே போய்ப் படிக்கக்கூடாது. அதை எல்லோராலும் காப்பாற்ற முடியவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாதம் பெரும் திணறலாக இருந்தது. சத்யவதியின் தந்தை ராம்காளி பெரிய வைத்தியர். அவருடைய வீட்டில் ஒரு ஊரே குடியிருக்கிறது. அத்தைகள், சித்திகள், விதவைகள், அண்ணன் மகன்கள், அவர்களுடைய மனைவிகள். யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடவில்லை. எங்களில் இரண்டு பேர் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் பாடு இன்னும் மோசம். கணவனின் தங்கையும் சிஸ்டர்-இன்-லா, கணவனின் தம்பி மனைவியும் சிஸ்டர்-இன்-லா. சமையலறையில் மூன்று சிஸ்டர்-இன்-லாக்கள் சண்டை போட்டால் யார் பக்கம் நியாயம் என்று எப்படிச் சொல்வது?

எங்களுக்கு வழிகாட்டியவர் கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் முப்பது வருடம் குடியிருந்துவிட்டு வந்த ஓர் அம்மா. வங்காளப் பதிப்பைப் படிப்பவர் எங்களில் அவர் ஒருவர்தான். "இவள் ஜா, அவள் நனத்" என்று அவர் பிரித்துச் சொன்னார். ஜா என்றால் நம் ஓரகத்தி. நனத் என்றால் நாத்தனார். பாசுர் என்றால் கணவனின் அண்ணன். அவர் எதிரே அந்தக் காலத்து மருமகள் முகம் காட்டக்கூடாது. தேவர் என்றால் கொழுந்தன். அவனோடு கேலியாகப் பேசலாம். ஓரகத்தி, நாத்தனார், கொழுந்தன் என்று சொன்ன உடனேயே எங்களுக்கு அந்த வீட்டில் விளக்கு ஏற்றிய மாதிரி ஆகிவிட்டது. எவருக்கு எவரிடம் உரிமை, எவருக்கு எவரிடம் பயம் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஓரகத்தி என்ற சொல்லுக்குள் இருக்கும் போட்டியும் தோழமையும் எங்கள் கூடத்தில் யாருக்கும் புதிது இல்லையே.

அன்றே பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் உறவுமுறை வரைந்தோம். முதலில் ஒரு தாள், பிறகு நான்கு தாள்களை ஒட்டி நீட்டினோம். கறுப்பு மையில் ராம்காளி குடும்பம், நீல மையில் சத்யவதி புகுந்த வீடு. அது இன்னும் என் பீரோவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. பசை காய்ந்து ஒரு மூலை கிளம்பிவிட்டது.

அந்தத் தாளில் மோட்சதா என்று ஒரு பெயர் உண்டு. ராம்காளி வீட்டு விதவைகளில் ஒருத்தி. ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். யாருடைய நிழலாவது பட்டால் குளியல், எதையாவது மிதித்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தாலும் குளியல். நாக்கோ கத்தி. முதல் இரண்டு வாரம் அவள் வரும் இடங்களில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம், எரிச்சலும் பட்டோம். மூன்றாவது வாரம், எங்களில் மூத்தவரான எழுபத்தெட்டு வயது அம்மா, அதுவரை அதிகம் பேசாதவர், மெதுவாகச் சொன்னார்: "எங்கள் வீட்டிலும் ஓர் அத்தைப்பாட்டி இருந்தாள். மடி, மடி என்று எங்களை விரட்டுவாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பாத்திரம் கிடையாது, ஒரு புடவை அவள் இஷ்டத்துக்கு வாங்கியது கிடையாது. அவளுடையது என்று சொல்லிக்கொள்ள மடி ஒன்றுதான் இருந்தது. அதையும் நாங்கள் தொட்டுவிட்டால் அவள் என்ன செய்வாள்?"

அதன் பிறகு மோட்சதாவைப் பார்த்து எங்களால் சிரிக்க முடியவில்லை. நான் இந்த நாவலை முன்பே ஒருமுறை தனியாகப் படித்தவள். அப்போது மோட்சதா எனக்கு ஒரு தொல்லை பிடித்த கிழவி, அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் வந்த பிறகுதான் அவளை நான் முழுதாகப் பார்த்தேன்.

ராம்காளி விஷயத்திலும் இதுவேதான் நடந்தது. மணமகனை அழைத்துப் போகும் கூட்டம் ஒன்றை வழியில் பார்க்கிறார். பையன் பிழைக்கமாட்டான் என்று வைத்தியருடைய கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. குறித்த முகூர்த்தத்தில் திருமணம் நடக்காவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை போயிற்று. உடனே தன் அண்ணன் மகன் ராசுவைக் கூட்டிப்போய் மாப்பிள்ளையாக உட்காரவைக்கிறார். எவ்வளவு பெரிய மனது என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தபோது, பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டார்: "ராசுவுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாளே, சாரதா, அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?" ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்றிய கையோடு இன்னொருத்திக்குச் சக்களத்தியைக் கொண்டுவந்துவிட்டார் அந்த நல்ல மனிதர். அவர் நல்லவர் என்பதுதான் இதில் கொடுமை.

விதியை மீறியவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண் அவர். எட்டு வயதில் மணமான சத்யவதி, கணவன் நவகுமாரைக் கிளப்பிக் கல்கத்தாவுக்குக் குடிபோய், மகள் சுவர்ணாவைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். தனக்குக் கிடைக்காத படிப்பு மகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று இருக்கிறாள். ஒன்பது வயது சுவர்ணா தந்தையோடு ஊருக்குப் போன இடத்தில், சத்யவதியின் மாமியார் எலோகேசி, தாய்க்குத் தெரியாமல் அவளுக்குத் திருமணம் முடித்துவிடுகிறாள். சத்யவதி வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அப்படியே திரும்பி, தந்தை இருக்கும் காசிக்குப் போய்விடுகிறாள்.

இதை அந்தத் தையல்கார அம்மா ஒரு இரவில் முன்கூட்டியே படித்துவிட்டார். அந்த ஞாயிறு வந்து உட்கார்ந்ததும், "இன்று நான் ஒன்றும் பேசமாட்டேன்" என்றார். பேசவும் இல்லை. மற்றவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. பெற்ற மகளை அந்தக் கூட்டத்தில் விட்டுவிட்டு ஒரு தாய் போகலாமா? போகாமல் உள்ளே நுழைந்திருந்தால் நடந்ததை ஒப்புக்கொண்டதாக ஆகாதா? நான் அன்று சத்யவதியின் பக்கம் உரக்கப் பேசினேன். அவள் செய்ததுதான் சரி என்று அடித்துச் சொன்னேன்.

அடுத்த நாவல் என்னை வாயடைக்க வைத்தது. "வீட்டைவிட்டுப் போனவளின் மகள்தானே நீ" என்ற பேச்சை சுவர்ணா காலம் முழுக்கக் கேட்கிறாள். மாமியார் முக்தகேசி அந்த ஆயுதத்தைக் கீழே வைப்பதே இல்லை. சத்யவதி திரும்பிப் போன அந்தச் சில நிமிடங்களின் விலையை இன்னொருத்தி ஆயுள் முழுவதும் கொடுக்கிறாள். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் நான் கைதட்டியதை அடுத்த நாவல் முழுக்க எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. இப்போதும் சத்யவதி தவறு செய்தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று அடித்துச் சொன்னதுபோல இனிச் சொல்லவும் முடியாது.

இனி அந்த வராந்தாவுக்கு வருகிறேன். எங்கள் ஒன்பது பேரில் ஆண்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவர்ணாவின் கணவன் பிரபோதை நாங்கள் திட்டித் தீர்த்தபோது அவர் மட்டும் அவனுக்காகப் பேசினார். அண்ணன் தம்பி நான்கு பேர் சேர்ந்து கட்டும் வீடு, வராந்தா வேண்டும் என்று அவன் வாய் திறந்தால் பெண்டாட்டிதாசன் என்று பெயர் கட்டிவிடுவார்கள், அவன் பயந்துவிட்டான், பாவம் என்றார். தையல்கார அம்மா துணியிலிருந்து ஊசியை எடுத்தபடியே பதில் சொன்னார்: "பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாமே. இருக்கிறது என்று ஏன் சொன்னான்?"

ரயில்வேக்காரர் மேலே பேசவில்லை. அடுத்த வாரம் வந்ததும், புத்தகத்தைத் திறக்குமுன், ஒன்று சொல்லவேண்டும் என்றார். அவர் சொந்த வீடு கட்டியது 1988-இல். அந்த வீட்டில் உனக்கு என்ன வேண்டியிருந்தது என்று மனைவியிடம் இப்போது கேட்டாராம். சமையலறையில் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும் என்று அப்போதே கேட்டேனே, மேஸ்திரி இருக்கும்போதே சொன்னேனே என்றாராம் அந்த அம்மா. இவருக்கு அது நினைவே இல்லை. "நான் அவளை ஏமாற்றவில்லை. காதிலேயே வாங்கவில்லை" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைய பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்.

சுவர்ணலதா எழுதுகிறாள். பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, இடையில் கிடைத்த நேரத்தில் நோட்டுகளில் எழுதியதை அச்சில் பார்க்க ஆசைப்படுகிறாள். உறவுக்காரர் ஒருவருடைய சின்ன அச்சகத்தில் புத்தகம் தயாராகிறது. வரிக்கு வரி பிழை. பெற்ற மகன்களே அதை உரக்கப் படித்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பகுதியை எங்கள் கூடத்தில் படிக்கவேண்டிய முறை பள்ளி ஆசிரியைக்கு வந்தது. மகன்கள் சிரித்துக்கொண்டே படிக்கும் வரிகளைச் சிரிப்போடு படிப்பதா, சிரிக்காமல் படிப்பதா? அவர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டு போனார். கேட்க முடியவில்லை. பிறகு சுவர்ணா அத்தனை பிரதிகளையும், கையெழுத்து நோட்டுகளையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தீவைக்கிறாள். மகள் பகுல் அதைப் பார்க்கிறாள்.

படித்து முடித்ததும் அந்த எழுபத்தெட்டு வயது அம்மா, "முதல் புத்தகத்தை எடுங்கள்" என்றார். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். சத்யவதியின் கதை தான் எழுதியது அல்ல, பகுலின் நோட்டிலிருந்து எடுத்தது என்று ஆஷாபூர்ணா தேவி அங்கே சொல்கிறார். பதினொரு மாதம் முன்பு அந்த வரியை நாங்கள் வேகமாகக் கடந்து போயிருந்தோம். பகுல் யார் என்றே அப்போது தெரியாது. தாயின் நோட்டுகள் எரிவதைப் பார்த்த பெண், பாட்டியின் கதையைத் தன் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். இரண்டு நாவல் தாண்டி வந்தால்தான் அந்த முதல் வரி திறக்கும். தனியாகப் படித்தபோது நான் அதை மறந்தே போயிருந்தேன். ஒன்பது பேரில் ஒருவர் நினைவில் வைத்திருந்தார், அது போதுமானதாக இருந்தது.

ஆஷாபூர்ணா தேவி 1909-இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். பெண் குழந்தைகளுக்குப் படிப்பு எதற்கு என்று இருந்த குடும்பம். சகோதரர்கள் பாடம் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தே எழுத்தைக் கற்றுக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்ததால் எழுத்துகளைத் தலைகீழாகத்தான் முதலில் படிக்கத் தெரிந்ததாம். அந்த வீட்டுச் சமையலறைகளையும் மொட்டைமாடிகளையும் அவர் இவ்வளவு அறிந்து எழுதியதில் எனக்கு வியப்பில்லை. இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மாமியாரைக்கூட வெறும் கெட்டவளாக எழுதாமல் விட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வரும் ஞாயிறு பகுலின் கதையைத் தொடங்குகிறோம். காலண்டர் தாளில் இன்னும் ஒரு தாள் ஒட்டவேண்டியிருக்கிறது. ரயில்வேக்காரர் இந்த முறை தன் மனைவியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா முதல் இரண்டு நாவல்களைப் படிக்கவில்லை. கதையை நாங்கள் சொல்லிவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நன்றி. வணக்கம்.