களப்போரத்து மணற்கரை

அவையோருக்கு வணக்கம்.

கொழும்பில் கடற்கரை என்றால் காலிமுகத்திடலும் வெள்ளவத்தையும்தான் கண்முன் வரும். இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியதல்ல. களப்புகளின் உட்புறத்திலும் ஆற்று முகத்துவாரங்களின் மறைவிலும் சில மீற்றர் அகலத்தில் ஒதுங்கிக் கிடக்கும் மணற்கரைகளைப் பற்றியது.

இங்கே பெருங்கடலின் அலை எட்டாது. எதிர்க்கரைக்கும் இக்கரைக்கும் இடையே காற்று ஓடும் தூரம்தான் அலையின் அளவைத் தீர்மானிக்கிறது. 2 கிலோமீற்றர் திறந்த நீரின் மேல் வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால், எழும் அலை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரம். 2 வினாடிக்கு ஒன்றாகக் கரைக்கு வரும். நீர்கொழும்புக் களப்பைப் போல ஆழம் ஒரு மீற்றர் சொச்சமென்றால் உயரம் இன்னும் குறையும்.

அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் இறங்கும். 2 வினாடி அலையின் நீளம் 6 மீற்றர். 10 வினாடிக் கடலலைக்கோ 150 மீற்றருக்கும் மேல். திறந்த கடற்கரையில் புயல் இழுத்துப்போன மணலை அந்த நீண்ட அலைகள் மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். களப்புக்குள் அந்த வேலைக்கு ஆளில்லை. காற்று வலுத்த ஒரு நாளில் வெட்டுப்பட்ட கரை மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அமைதியான நாளில் நாம் பார்ப்பது அமைதி செய்த வடிவமல்ல, கடைசிப் புயல் விட்டுச்சென்ற வடிவம்.

அந்த வடிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே குறுகிய, சரிவான, பருமணல் முகம்; கீழே நுண்மணலோ சேறோ படிந்த தட்டையான மேடை. இரண்டும் சந்திக்குமிடத்தில் சரிவு சட்டென்று மாறும். நம் மேற்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் அரை மீற்றரளவுதான் வேறுபாடு. எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் அது 4 மீற்றர் அகலம். அலைக்குக் கிடைக்கும் களம் அவ்வளவே.

அளப்பவர்கள் பிழைவிடுவதும் இங்கேதான். இரண்டு கோல்களை நட்டு, அடிவானத்தை மட்டமாகக் கொண்டு உயரம் பார்க்கும் முறை கடற்கரைக்குப் பொருந்தும். களப்பில் அடிவானம் ஏது? 500 மீற்றருக்கு அப்பால் நிற்கும் 10 மீற்றர் மரங்களின் உச்சியை, ஒன்றரை மீற்றர் உயரத்தில் கண்ணை வைத்து, மட்டமென்று எடுத்தால் மீற்றருக்கு 17 மில்லிமீற்றர் பிழை வரும். 20 மீற்றரில் 34 சென்ரிமீற்றர். கரையின் முழு உயரமே சில வேளை அவ்வளவுதான்! குமிழி இல்லாமல் நீர் நிரப்பிய தெளிவான குழாயே போதும்; இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கோல்களுக்கிடையே ஒரு மீற்றருக்கு மேல் விடாதீர்கள், சரிவு முறியும் இடம் தப்பிவிடும். கூடவே குழி தோண்டி மணலின் தடிப்பையும் பாருங்கள். சில கைப்பிடி ஆழத்திலேயே சேறு தட்டுப்படலாம்.

கரை தேய்கிறது என்று உடனே கல் அணை கட்டுவது வழக்கம். இக்கரைகள் பல பின்னாலுள்ள மேட்டிலிருந்து உதிரும் மண்ணால்தான் பிழைக்கின்றன; அணை அந்த வரவையே அடைத்துவிடும். மணல் கொட்டுவது மேல், ஆனால் இருப்பதைவிட நுண்ணிய மணலைக் கொட்டினால் முதற்காற்றிலேயே மேடைக்கு இறங்கிவிடும், ஏறி வராது. கரைமுகத்து மணலின் பருமன், அல்லது அதைவிடச் சற்றுப் பருத்தது, கேட்டு வாங்குங்கள்.