கேட்காமலே எடுத்த பிஎஸ்ஏ டெஸ்ட்: அப்பாவின் ரிப்போர்ட் கதை

வணக்கம் மக்களே. பாலக்கோடு தக்காளி மண்டி வீடியோ இந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தேன், வராது. வேறு ஒரு விஷயத்தில் கொதித்துப் போயிருக்கிறேன்.

சர்க்கரை பார்க்க அப்பாவைத் தருமபுரியில் ஒரு லேபுக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை மட்டும் போதும் என்றால் விடவில்லை. 1,499 ரூபாய்க்கு முழு உடல் பேக்கேஜ், அதில் ஆண்களுக்குப் பிஎஸ்ஏ இலவசம். இலவசம் என்றதும் அப்பா தலையாட்டிவிட்டார். அது ப்ராஸ்டேட்டில், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில், புற்றுநோயைத் தேடுகிற ரத்தப் பரிசோதனை என்று அங்கே ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ரிப்போர்ட் வாங்கப் போனால் ஃபைல் கவருக்கு 50 ரூபாய்! கவர் வேண்டாம், தாளைக் கொடுங்க என்றேன், 'கவரோடதான் சார் வரும்' என்கிறார்கள். பில்லில் அதற்கு 'டாக்குமெண்டேஷன்' என்று பெயர். அதே கவர் நாலு ரோட்டுக் கடையில் பத்து ரூபாய்தான், வேண்டுமென்றே போய் விசாரித்துவிட்டு வந்தேன்.

கவருக்குள் பிஎஸ்ஏ 5.2 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு. 4-க்குள் இருக்கணுமாம். அன்றைக்கு ராத்திரி அப்பா களியை உருட்டி, குழம்பில் தொடாமல் அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அப்புறம் சிறுநீர்க் கோளாறு பார்க்கிற ஒரு யூராலஜி டாக்டரிடம் போனோம். இவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒண்ணுக்குப் போவதில் சிரமம் உண்டா, அண்ணன் தம்பி யாருக்காவது இது வந்திருக்கிறதா என்று கேட்டார். வயதானால் சுரப்பி வீங்கும், சிறுநீர்த் தொற்று வரும், அதிலேயே இந்த எண் ஏறலாம் என்றார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். 55 முதல் 69 வயதுக்குள் 1,000 பேரை 13 வருஷம் பரிசோதித்தால் சுமார் 240 பேருக்குச் சந்தேகம் வரும், 100 பேருக்குப் புற்றுநோய் என்று உறுதியாகும், 80 பேர் ஆபரேஷனுக்கோ ரேடியேஷனுக்கோ போவார்கள். இத்தனையும் செய்து சாவிலிருந்து தப்புவது ஒன்றிரண்டு பேர்தான். ஆனால் சுமார் 50 பேருக்கு ஆண்மைக் குறைவு, 15 பேருக்குச் சிறுநீரை அடக்க முடியாத நிலை. வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இதற்கென்று இருக்கிற நிபுணர் குழு 2012-ல் யாருக்குமே இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது, 2018-ல் மாற்றி, 55–69 வயதுக்காரர்கள் டாக்டரோடு பேசி அவரவர் முடிவெடுக்கட்டும், 70-க்கு மேல் வேண்டாம் என்றது. அப்பாவுக்கு 66. பேச வேண்டிய வயது, ஆனால் லேபில் பேச்சே இல்லாமல் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாகிவிட்டது.

அப்பா வழக்கம்போல, 'நீங்க பாத்து எது சொன்னாலும் சரிங்க சார்' என்றார். எனக்கு எரிச்சலே அந்தப் பதில்தான். டாக்டர் அதை ஏற்கவில்லை. 'உடம்பு உங்களுது ஐயா. நீங்க எதுக்கு அதிகமாப் பயப்படறீங்க?' என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே அத்தனை பேர் டோக்கனோடு நிற்கிறார்கள், மனுஷன் அவசரப்படவே இல்லை. அப்பா மெதுவாக, 'சாவறதப் பத்தி இல்லீங்க. பஸ்ஸுல போறப்ப வேட்டி நனையக் கூடாதுங்க' என்றார். வீட்டில் எங்கள் யாரிடமும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் சைக்கிள் வேண்டாம் என்று சொல்வார்களாம். தோட்ட வீடியோவில் பார்த்தீர்களே அந்தப் பழைய சைக்கிள், அன்றைக்குக் காலையிலும் அதில்தான் பால் ஊற்றிவிட்டு வந்தார். அதனால்தான் ஏறியது என்று டாக்டர் சொல்லவில்லை, அடுத்த தடவை தவிர்க்கலாம் என்றார், அவ்வளவுதான்.

கடைசியில் அப்பாவே முடிவெடுத்தார். இரண்டு மாதம் கழித்து பிஎஸ்ஏ மட்டும் திரும்ப எடுப்பது, அப்பவும் இறங்காவிட்டால் எம்ஆர்ஐ, அதைப் பார்த்த பிறகுதான் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது பற்றிய பேச்சு. புற்றுநோயே இருந்தாலும் வேகமில்லாத வகை என்றால் கத்தி வைக்காமல் கண்காணித்தே வரலாம் என்று டாக்டர் சொன்னதைத்தான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டார். எம்ஆர்ஐ தேவைப்பட்டால் சேலமா பெங்களூரா என்று இப்போதே வீட்டில் சண்டை. அம்மா சேலம் கட்சி.