முன்பாரம், பின்பாரம்

வணக்கம், வானொலி நேயர்களே. கேரவன் என்றதும் நம்மில் பலருக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் பெரிய வண்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது அது இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே ஒரு கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பின்கோடியில் குளியலறை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் இருக்கும் நானும் என் வீட்டுக்காரரும் 2016-இலிருந்து இதை இழுத்துக்கொண்டு பிரான்சின் தெற்கு, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று போய்வருகிறோம், கோவிட் காலத்தில் மட்டும் போகவில்லை. எங்கே தங்கினீர்கள், என்ன பார்த்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் பாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதல் பயணம், செப்டம்பர் மாதம். பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்கி, ஒர்லேயான், கிளெர்மோன் ஃபெரான் தாண்டி ஏ75 நெடுஞ்சாலையைப் பிடித்தோம். தெற்கே இறங்குகிற கேரவன்காரர்களுக்கு மிகவும் பிடித்த சாலை அது, ஏனென்றால் மியோ பாலத்தைத் தவிர வேறெங்கும் சுங்கம் கிடையாது. அந்தப் பாலம் 2004 டிசம்பரில் திறந்தது. அதன் உச்சிக்கம்பம் கீழிருந்து 343 மீட்டர். ஓரத்தில் காற்றைத் தடுக்கத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதனால் நான் பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. பாலத்தைத் தாண்டி, லார்சாக் மேட்டுநிலம் முடிந்து, லொதேவ் ஊரை நோக்கிச் சாலை சரிந்து இறங்குகிற இடம் வந்தது. எங்களை ஒரு சுற்றுலாப் பஸ் முந்தியது. அது தள்ளிய காற்றில் கேரவனின் வால் ஒரு பக்கம் போனது. அப்புறம் மறுபக்கம். அப்புறம் இன்னும் கொஞ்சம் அதிகமாக. பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், கேரவன் ஒரு முறை என் கண்ணாடியை நிறைக்கிறது, அடுத்த முறை காணாமலே போகிறது. காரின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டுகிறது.

அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை அப்படி இப்படித் திருப்பவும் இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். பழகப் போன ஒருநாள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மெதுவாக ஆட்டம் நின்றது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினோம், இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன்.

பின்கோடிக் குளியலறையில் பத்து கிலோ பொன்னி அரிசிப் பை இரண்டு, அதன்மேல் சாய்ந்தபடி டேபிள்டாப் கிரைண்டர், பக்கத்தில் 25 லிட்டர் தண்ணீர் கேன், நிறைய. எல்லாம் நான் அடுக்கியது. ஆடாமல் மூலையில் இருக்கட்டும் என்று நினைத்து அடுக்கியது.

இப்போது ஒரு மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் வண்டி உண்டு. அறுப்பு முடிந்து நெல்மூட்டை ஏற்றியதும் அப்பா மாட்டைப் பூட்டுவதற்கு முன் நுகத்தடியைக் கையால் ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். லேசாகக் கனக்க வேண்டும். ரொம்பக் கனத்தால் முன்பாரம், மாட்டின் கழுத்து புண்ணாகும். கனமே இல்லாமல் மேலே வந்தால் பின்பாரம், மேட்டில் ஏறும்போது நுகத்தடி மாட்டையே தூக்கும். ஒரு மூட்டையை அரையடி முன்னால் நகர்த்தச் சொல்லிவிட்டு மறுபடி தூக்கிப் பார்ப்பார். எங்கள் கேரவனும் நடுவில் ஒரே அச்சு, இரண்டு சக்கரம். அதே வண்டிதான். மாட்டுக்குப் பதில் கார்.

கேரவனில் அது கிலோ கணக்காகிவிட்டது. ஏற்றிய மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பார்கள். எங்களுடையது 1,300 கிலோ, ஆகவே 65-இலிருந்து 91 கிலோ. உங்கள் கார் கொக்கியில் எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் இருக்கும், அதை மீறக் கூடாது. அளக்கக் குளியலறை எடைமெஷினே போதும், கொக்கிக்கு அடியில் ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதை மெஷின்மேல் வைத்தால் ஆயிற்று. அன்று சாயங்காலம் கேரவன் முகாமில் பக்கத்து டச்சுத் தம்பதியிடம் மெஷின் வாங்கி அளந்தோம். 38 கிலோ. இந்தப் பின்பாரம்தான் வாலை ஆட்டியிருக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரிசியையும் கிரைண்டரையும் அச்சுக்கு நேர்மேலே தரையில் வைத்தோம். 72. மறுநாள் பெர்ப்பிஞ்ஞான் பக்கம் திராமொந்தான் காற்று, சாலையோரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பைகள் விறைத்து நின்றன. மெதுவாகத்தான் போனோம், ஆனால் வண்டி எங்கள் பின்னாலேயே வந்தது. நேயர்களே, மறுபடி சொல்கிறேன். கனமானது எதுவும் அச்சுக்கு மேலே, தரையோடு. வாலில் வைக்காதீர்கள்.

இதில் இன்னொன்று. அவ்வளவு தூரம் அரிசியைச் சுமந்து எங்கே போய்த் தங்கினோம் தெரியுமா? எப்ரோ ஆற்றுக் கழிமுகத்தில். பார்சிலோனாவுக்குத் தெற்கே, தெல்தெப்ரே என்ற ஊர்ப் பக்கம். சுமார் 20,000 ஹெக்டேர் நெல்வயல்! காலையில் கதவைத் திறந்தால் வாய்க்கால், வரப்பு, முற்றிய கதிர், அறுப்பு மெஷின் போன இடத்தில் கொக்குகள். கொஞ்சம் தள்ளி உப்பங்கழியில் பூநாரைகள். வைக்கோல் வாசனையில் நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட்டுறவுக் கடையில் அரிசி வாங்கினோம். அர்ரோஸ் என்கிறார்கள். போம்பா என்ற ரகம் விலை அதிகம், குழையாது, பாயேயா என்ற தங்கள் அரிசிச் சாப்பாட்டுக்கு அவர்கள் போடுவது. தயிர்சாதத்துக்குச் சாதாரண உருண்டை அரிசியே நன்றாகக் குழைந்து வரும். அதற்குப் பிறகு நாங்கள் அரிசி எடுத்துப் போவதில்லை. அங்கே வயலில் தண்ணீர் கட்டுவது ஏப்ரல் கடைசியில், அறுப்பு செப்டம்பரில். இரண்டில் ஒன்றுக்குப் போங்கள்.

சரி, தம்பதியாகப் போவது பற்றிச் சொல்லும்படி நிகழ்ச்சிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். 2021 டிசம்பரில் இங்கே சட்டம் மாறியது. 1997-இலிருந்து உரிமம் எடுத்தவர்களும் தனித் தேர்வு இல்லாமல் இழுக்கலாம் என்று ஆனது, அன்றிலிருந்து நானும் ஓட்டுகிறேன். ரிவர்ஸ் எடுப்பது இப்போது என் வேலை. அவர் பின்னால் நின்று கை காட்டுவார். எங்களுக்குள் ஒரே விதி: கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் நான் நிறுத்திவிடுவேன். அவரும் கத்த மாட்டார், நடந்து வந்து ஜன்னலருகில் நின்று, "இன்னும் ஒரு முழம் வலப்பக்கம் வாம்மா" என்பார். இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரிந்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வீடு திரும்பலாம். இது முக்கியம்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான். போர்ச்சுகலுக்கு நிறைய வைத்திருந்தேன். சாக்ரெஸ் என்ற கடலோர ஊருக்குப் போங்கள், சாவோ விசெந்தே முனையில் சாயங்காலம் நில்லுங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் இந்த நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா, அதாவது இந்த ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான விசா, எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் கேஸ் சிலிண்டரை அங்கே மாற்றித் தர மாட்டார்கள், கேம்பிங்கேஸ் என்ற சிலிண்டர் எங்கும் கிடைக்கும். நம் கேரவனின் கதவு இடப்பக்கம், அங்கே அது சாலைப் பக்கம் திறக்கும், ஓரத்தில் நிறுத்தினால் பார்த்து இறங்குங்கள். இத்தாலியில் இழுத்துப் போனால் வேகம் நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர், மற்றச் சாலையில் 70, அதற்கு மேல் கூடாது. நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.